ரிப்போர்ட் அக்காவின் விடைத்தாள்

எங்கள் வார்டில் பன்னிரண்டு படுக்கைகள். காலை ஆறரைக்கு வந்து மதியம் ஒன்றரைக்குப் போகிற ஆயாவை எல்லாரும் ரிப்போர்ட் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றரைக்கு வந்து ஒன்பதுக்குப் போகிற ஆயா நான். எனக்கு அக்கா வைத்த பெயர் கடுகு. "எண்ணெய் காயறதுக்கு முன்னாடியே வெடிக்கிற கடுகு நீ ஒருத்திதான்டி" என்பார். இருக்கட்டும். வெடிக்கிற மாதிரிதான் எல்லாரும் நடந்துகொள்கிறார்கள்.

ஷிஃப்ட் மாறும்போது நர்ஸுகள் ஒருவருக்கொருவர் ரிப்போர்ட் சொல்லிக்கொள்வார்கள். எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்த ஊசி பாக்கி என்று அதற்கு நோட்டு உண்டு, கையெழுத்து உண்டு. ஆயாக்கள் ரிப்போர்ட் சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மற்ற வார்டுகளில் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நான் வரேன்" என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அக்கா அப்படிப் போனதே இல்லை. என் கையைப் பிடித்து ஒன்றாம் படுக்கையிலிருந்து பன்னிரண்டு வரை கூடவே நடப்பார். நடந்துகொண்டே தணிந்த குரலில் சொல்லுவார்.

"நாலு. காலையில ரெண்டு வாய் ரொட்டி சாப்பிட்டாரு. மூணாவதுக்கு வாயைத் திறக்கல. பையன் வந்துட்டுப் போன பிறகுதான் இப்படி. பையன் என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது, நான் அப்போ ஏழுல துணி மாத்திட்டு இருந்தேன். சாயங்காலம் பாலாவது குடிக்கிறாரான்னு பாரு."

இவ்வளவுதான். ஆனால் இதைக் கேட்டுவிட்டு நாலாம் படுக்கைக்குப் போனால் எனக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். சில நாள் டாக்டரே அக்காவைக் கூப்பிட்டு, "அஞ்சு எப்படி இருந்தாருங்க காலையில?" என்று கேட்டிருக்கிறார்.

அக்காவின் ரிப்போர்ட்டுக்கு இரண்டு கட்டுப்பாடு. ஒன்று, பெயர் சொல்லக்கூடாது, படுக்கை எண்தான். அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் நடைக்கூடத்தில் நின்றுகொண்டு ஒரு பெயரைச் சொல்லி "இறந்துட்டாரு" என்று சொல்லிவிட்டாராம். அதே பெயரில் வார்டில் இரண்டு பேர். பிழைத்துக் கிடந்தவருடைய மனைவி அங்கேயே தரையில் விழுந்து அழுதுவிட்டாள். அன்றிலிருந்து இருபத்தோரு வருஷமாக அக்கா வாயிலும் அக்கா கையெழுத்திலும் எந்த நோயாளியின் பெயரும் வந்ததில்லை. மற்றது, கண்ணால் பார்க்காததைச் சொல்லக்கூடாது.

இந்த இரண்டாவதால்தான் எனக்கும் அவருக்கும் முதல் சண்டை வந்தது. ஒன்பதாம் படுக்கைக்காரர் ஒரு நாள் ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். மனைவி மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம். அந்த அம்மாள் அக்கா கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னைக் கூப்பிட்டாரா? சொல்லுங்கம்மா, கூப்பிட்டாரா?" என்று கேட்டாள். அக்கா சொன்னார்: "வாசப்பக்கம் கையை நீட்டினாரும்மா. யாரைன்னு எனக்குத் தெரியல."

எனக்கு வந்ததே கோபம். அந்த அம்மாள் நகர்ந்ததும் துணி அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கத்தினேன். "ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா உங்க வாய்ல இருந்து முத்தா உதிர்ந்துடும்? கல்லுமனசாக்கா உங்களுக்கு?"

"நான் ஆமான்னு சொன்னா அது நான் சொன்னதா இருக்கும்டி. கையை நீட்டினாருங்கறது அவர் பண்ணது. அந்தம்மாவுக்கு அவர் பண்ணதுல்ல வேணும்."

எனக்கு அன்று அது புரியவில்லை. சும்மா பெரிய மனுஷி மாதிரிப் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

*

பிறகு அந்த ஆர்டர் வந்தது. ஒப்பந்தத்தில் இருக்கிற ஆயாக்கள் எல்லாரும் பள்ளி இறுதித் தேர்வில் தேர்ச்சி பெற்ற சான்றிதழ் கொடுக்க வேண்டும், இரண்டு வருஷம் அவகாசம், கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாது என்று ஒரு தாளை நோட்டீஸ் பலகையில் குத்தினார்கள். மலம் அள்ளுவதற்கும் மூத்திரப்பை மாற்றுவதற்கும் சான்றிதழ்! நான் பள்ளிப் படிப்பை எப்படியோ முடித்திருந்ததால் தப்பித்தேன். அக்கா ஒன்பதாவதோடு நின்றவர்.

அக்கா அந்தத் தாளை நின்று இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். "ம்... இது வேறயா" என்றார். அப்புறம் பத்தாம் படுக்கைக்குப் பாத்திரம் கொண்டு போனார்.

அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வீட்டில் அவரும் அவர் கணவரும் மட்டும்தான். நான் மாமா என்று கூப்பிடுவேன். மூட்டை தூக்குகிற வேலையில் இருந்தவர், முதுகெலும்பு விலகி ஆறு வருஷமாக வீட்டில்தான். ஒரே அறை, தகரக் கதவு, ஜன்னலோரம் கட்டில், கட்டிலுக்குப் பக்கத்தில் அடுப்பு. மாமா படுத்தபடியே அடுப்பை அணைக்க ஒரு குச்சியில் கொக்கி கட்டி வைத்திருப்பார். எழுந்து நிற்க அவருக்குக் கால் மணி நேரம் ஆகும், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு. அந்த வீட்டில் வருகிற ஒரே சம்பளம் அக்காவுடையது. வேலை போனால் என்ன ஆகும் என்று நாங்கள் யாரும் பேசவில்லை, எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

முதல் வருஷம் கணக்கிலும் அறிவியலிலும் தலையால் தண்ணீர் குடித்துத் தேறினார். மற்ற பாடங்களும் எப்படியோ கரையேறின. மொழிப் பாடம் மட்டும் மாட்டிக்கொண்டது. அதிலும் ஒரே ஒரு கேள்வி. ஒரு சிறுகதையைக் கொடுத்து, அதன் கூறுகளை எழுதச் சொல்லுவார்கள். கதைமாந்தர், கதைக்களம், முரண், உச்சம், முடிவு, நோக்குநிலை, கருப்பொருள். ஏழு கூறு, ஒன்றுக்கு இரண்டு மதிப்பெண், ஆக மொத்தம் பதினாலு. இரண்டு தடவை எழுதியும் அந்தப் பதினாலில் சுழியம் வாங்கித்தான் தோற்றார்.

"பேரெல்லாம் மனப்பாடமா தெரியும்டி. கதையைப் பார்த்தா எது எங்க இருக்குன்னுதான் தெரியல" என்றார்.

கடைசி வாய்ப்புக்கு ஐந்து மாதம் இருந்தது. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், "நான் சொல்லித் தரேன்" என்று மாட்டிக்கொண்டேன்.

*

தினமும் நான் அரைமணி முன்னதாக ஒரு மணிக்கே வந்துவிடுவேன். துணி அறையில் வெளுத்து வந்த படுக்கை விரிப்புகளின் மூட்டைமேல் அக்கா உட்காருவார். நான் அலமாரியில் சாய்ந்துகொள்ளுவேன். அறை முழுக்க சலவை வாசனை, ஈரச் சூடு. அக்காவுக்குக் கண் தானாகச் சொக்கும். காலை நாலரைக்கு எழுந்தவர். நானும் காலையில் என் வீட்டு வேலையெல்லாம் முடித்துவிட்டு ஓடிவந்தவள்தான். ஒருத்தி தூங்கி வழிய, ஒருத்தி எரிந்து விழ, அப்படித்தான் எங்கள் வகுப்பு நடந்தது.

கைடு புத்தகத்தில் இருந்ததைப் படித்தேன். "கதை நிகழும் இடமும் காலமும் சூழலும் கதைக்களம் எனப்படும்." அக்கா தலையாட்டினார். ஆட்டிய தலை அப்படியே மார்பில் விழுந்தது. பத்து நாள் இதே கூத்து. பதினொன்றாம் நாள் புத்தகத்தை மூட்டைமேல் எறிந்தேன்.

"அக்கா, இங்க பாருங்க. கதைக்களம்னா நம்ம வார்டு. போதுமா? மூணாவது மாடி, ஆண்கள் வார்டு, காலை நேரம், மின்விசிறி ரெண்டு ஓடல. அதான் களம்."

அக்கா கண்ணைத் திறந்தார். "அப்போ மாந்தர்?"

"படுக்கையில இருக்கறவங்க."

"பன்னெண்டு பேருமா?"

"இல்லக்கா, அன்னைக்கு யாரைப் பத்திக் கவலைப்படறோமோ அவர் முக்கியம். மத்தவங்கள்லாம் கூட இருக்கறவங்க."

"அட!" என்றார் அக்கா. மூட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதை முதல்லயே சொல்றதுக்கு என்னடி?"

அதற்குப் பிறகு வேகம்தான். முரண் என்றால் மூன்றாம் படுக்கை: அவருக்கு வீட்டுக்குப் போக வேண்டும், மகனுக்குக் கூட்டிப்போக இஷ்டமில்லை. உச்சம் என்றால் எந்த நிமிஷத்துக்கு அப்புறம் பழையபடி ஆகாதோ, அந்த நிமிஷம். "அப்போ பாதிப்பேருக்கு உச்சம் டாக்டர் வர்றதுக்கு முன்னாடியே முடிஞ்சு போயிடுது" என்று சொல்லி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெளியே பெரிய சிஸ்டர் போய்க்கொண்டிருந்தார். வார்டுக்கே தலைமை நர்ஸ் அவர்தான், சிரிப்புச் சத்தம் கேட்டால் வேலை கொடுத்துவிடுவார்.

நோக்குநிலைக்கு நான் விளக்கமே சொல்ல வேண்டியிருக்கவில்லை. "யார் கண்ணால கதையைப் பார்க்கறோம்கறது" என்று ஆரம்பித்தேன். "தெரியும்டி, நான் ஏழுல இருந்தா நாலுல நடந்தது எனக்குத் தெரியாது. அதானே?" என்றார். பிரமித்துப் போனேன். கைடு புத்தகத்தில் அதற்கு முக்கால் பக்கம் எழுதியிருந்தார்கள்.

கருப்பொருள்தான் கடைசி வரை தகராறு. புத்தகத்தின் பின்பக்கம் ஒரு பட்டியலே இருந்தது: பாசம், தியாகம், ஒற்றுமை, நேர்மை. இதில் ஒன்றை எடுத்துப் போட்டுவிடுங்கள் என்றேன்.

"ஒரு ஆளைப் பார்த்துட்டு இவர் பாசம்னு எழுத முடியுமா? கோபக்காரரா இருப்பாரு, பொண்டாட்டிகிட்ட மட்டும் குழைவாரு, மருந்து கசந்தா துப்புவாரு. அதுக்கெல்லாம் ஒத்தை வார்த்தையா?"

"அக்கா, உயிரை வாங்காதீங்க. மார்க் வேணுமா, நியாயம் வேணுமா?"

"மார்க்குதான்" என்றார் அக்கா, சோர்ந்து போய்.

தேர்வுக்கு மூன்று நாள் இருந்தது. அன்று எனக்குத் தலைவலி, வீட்டில் சண்டை, பஸ் வேறு வரவில்லை. ஒரு மாதிரிக் கதையைக் கொடுத்து எழுதச் சொன்னால், அக்கா பேனாவை வைத்துக்கொண்டு விழிக்கிறார். "எப்படி ஆரம்பிக்கறது? புத்தகத்துல இருக்கற மாதிரி 'இக்கதையின்கண்'ன்னு போடணுமா?" என்று நாலு தடவை கேட்டார். நாலாவது தடவை நான் வெடித்தேன்.

"ஒரு மண்ணும் போட வேணாம்! தினமும் எனக்கு ரிப்போர்ட் சொல்றீங்கல்ல? அதே மாதிரி எழுதித் தொலைங்க. ஒண்ணு இப்படி, ரெண்டு இப்படின்னு. அதைவிட நல்லா யாராலயும் சொல்ல முடியாது. போதுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். முகம் தெளிந்துவிட்டது. "நிஜமாவா? அப்படியே எழுதலாமா?"

"எழுதுங்கக்கா" என்று சொல்லிவிட்டு நான் முகம் கழுவப் போய்விட்டேன்.

*

தேர்வன்று காலை அக்காவுக்குப் பதிலாக வேறொரு ஆயா. அக்கா தேர்வு முடிந்து நேராக வார்டுக்கே வந்துவிட்டார். செருப்பை வாசலில் விட்டு, துணி அறை வாசற்படியில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"எல்லாம் எழுதினேன்டி. அந்தக் கதைக் கேள்வி முழுக்க எழுதினேன். நீ சொன்ன மாதிரியே."

"அப்போ பாஸ்தான்" என்றேன்.

முடிவு வந்த அன்று என் போனில்தான் பார்த்தோம். தேர்ச்சிக்கு முப்பத்தைந்து. அக்காவுக்கு முப்பத்து மூன்று.

இரண்டு! இரண்டே இரண்டு! நான் போனை இப்படியும் அப்படியும் திருப்பினேன், திருப்பினால் கூடிவிடுகிற மாதிரி. "மாமாகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ போன் பண்ணிடாதே" என்று மட்டும் அக்கா சொன்னார்.

விடைத்தாளின் நகல் கேட்டு வாங்கலாம், மறுமதிப்பீட்டுக்குப் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். நான்தான் அலைந்தேன். மூன்று வாரம் கழித்து நகல் வந்தது. அதே துணி அறை, அதே மூட்டை. அக்கா கண்ணாடி எடுத்து வர மறந்துவிட்டார், அதனால் நான் வாசித்தேன்.

கேள்வியில் கொடுத்திருந்த கதை சின்னது. வேலன், பரிதி என்று அண்ணன் தம்பி. அண்ணன் தச்சர். தம்பி புது வீடு கட்ட, அண்ணன் கதவு செய்து கொடுக்கிறார். பாகத் தகராறில் இருவரும் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். எட்டு வருஷம் போகிறது. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு அண்ணன் போகிறார். அன்று காலை சாப்பிடவில்லை. தான் செய்த கதவின் முன்னால் நிற்கிறார். தட்டக் கையை எடுக்கிறார். அங்கே கதை முடிகிறது.

கேள்வி ஒன்று, கதைமாந்தர் யாவர்? அக்கா எழுதியிருந்தார்:

"எண் ஒன்று. ஆண். தச்சர். வயது தெரியாது, முட்டி வலி இருக்கிறது, படியேறும்போது நின்று நின்று ஏறுகிறார். எண் இரண்டு. எண் ஒன்றின் தம்பி. இவரை நாம் கடைசி வரை நேரில் பார்க்கவில்லை."

'எண் ஒன்று' என்பதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். பக்கத்தில் 'யார்?' என்று ஒரு கேள்விக்குறி. சுழியம்.

தொடர்ந்து வாசித்தேன். முரண்: "எண் ஒன்றுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் எட்டு வருஷமாகப் போகவில்லை. ஏன் என்று கதை சொன்னது பாகத் தகராறு. அது மட்டும்தானா என்று தெரியாது." சுழியம். தம்பியைப் பற்றிக் கேள்விப்பட்டதும் அண்ணன் அடைந்த உணர்வைக் குறிப்பிட்டு உச்சத்தை எழுதுக என்று கேட்டிருந்தார்கள். அக்கா: "எண் ஒன்று வருத்தப்பட்டாரா என்று கதையில் இல்லை. காலையில் சாப்பிடவில்லை. உளியைத் துடைத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தார். கதவுக்கு முன்னால் நின்றதுதான் உச்சம், அதற்கு அப்புறம் போகாத மாதிரி ஆக முடியாது." சுழியம். முடிவு: "தட்டக் கையை எடுத்தார். கதவைத் திறந்தார்களா என்று நாம் பார்க்கவில்லை." சிவப்புக் கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில், 'சகோதரர் இணைந்தனர் என எழுத வேண்டும்' என்று இருந்தது. கருப்பொருளுக்கு மட்டும் 'ஒற்றுமை' என்று ஒற்றை வார்த்தை. அதற்கு முழு இரண்டு மதிப்பெண்.

நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அந்த அண்ணன் உளியைத் துடைத்ததையே துடைத்தது கதையில் ஒரு மூலையில் இருந்தது. நானும் அந்தக் கதையைப் படித்தேன், என் கண்ணில் அது படவே இல்லை. திருத்தியவர் கண்ணிலும் பட்டிருக்காது, பாவம், அவருக்கு எத்தனை கட்டு விடைத்தாளோ.

"ஏன்க்கா பேரை எழுதல? வேலன், பரிதின்னு கேள்வித்தாள்லயே இருக்கே?"

"தாள்ல எப்படிடி பேரை எழுதறது?" என்றார் அக்கா. நிஜமாகவே புரியாமல் கேட்டார். "எத்தனை பேர் கைக்குப் போகுதோ. ரிப்போர்ட் மாதிரி எழுதச் சொன்னியே."

ஐயோ. நான் சொன்னதுதான். தலைவலியில், எரிச்சலில், பேச்சை முடித்தால் போதும் என்று நான் வீசிய வார்த்தை. அதைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு போய் அப்படியே எழுதிவிட்டு வந்திருக்கிறார். பெயர் எழுதியிருந்தால் இரண்டு மதிப்பெண். வேலன், பரிதி. இரண்டே சொல்.

"நான்தான்க்கா கெடுத்தேன்" என்றேன். அழுகை வந்துவிட்டது. "பேர் எழுதணும்னு சொல்லியிருக்கணும். எனக்குத் தோணவே இல்ல. என்னாலதான் உங்க வேலை போகப்போகுது."

அக்கா என்னைத் தட்டிக்கொடுக்கவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நகலை என் கையிலிருந்து வாங்கி, மடிப்புக் கலையாமல் மடித்தார்.

"நீ சொன்னே. நான் எழுதினேன். ரெண்டும் நடந்ததுதான்" என்றார். "மூக்கைத் துடை. ஆறுக்குத் துணி மாத்தணும்."

மறுமதிப்பீட்டுக்குப் போட்டேன். தேர்வு அலுவலகத்தில் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்தவரிடம் மல்லுக்கு நின்றேன். "சார், அந்தம்மா தப்பா எழுதல சார். கதையில என்ன இருக்கோ அதை எழுதியிருக்காங்க, இல்லாததை இல்லன்னு எழுதியிருக்காங்க. பேருக்குப் பதிலா நம்பர் போட்டுட்டாங்க, அவ்வளவுதான்."

அவர் நல்ல மனுஷர்தான். நகலை முழுக்க வாசித்தார். "நல்லாத்தான்மா எழுதியிருக்காங்க. ஆனா விடைக்குறிப்புன்னு ஒண்ணு இருக்கே. அதுல பேர்தான் இருக்கு" என்றார். ஒரு மாதம் கழித்துத் தபால் வந்தது. மாற்றம் இல்லை.

பெரிய சிஸ்டர் அக்காவுக்காக ஒரு கடிதம் எழுதி மேலே அனுப்பினார். டாக்டரும் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பதிலே வரவில்லை.

*

ஒப்பந்தம் முடிகிற அன்று மாதக் கடைசி, வெள்ளிக்கிழமை. நான் ஒரு மணிக்கே போய்விட்டேன், பழக்கதோஷம். அக்கா பதினொன்றாம் படுக்கைக்காரருக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தார். பத்து விரலும் முடித்து, துணுக்குகளைத் தாளில் கூட்டி மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

ஒன்றரைக்கு என் கையைப் பிடித்தார். நடந்தோம்.

"ஒண்ணு. நல்லா தூங்கினாரு. ரெண்டு. இன்னைக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க, செருப்பு கட்டிலுக்கு அடியில இருக்கு, மறந்துடுவாரு. மூணு. பையன் வரல. வாசலைப் பார்த்துப் படுக்க வைக்கச் சொன்னாரு, திருப்பிப் படுக்க வெச்சிருக்கேன்."

பன்னிரண்டு வரை இப்படியே. குரலில் ஒரு மாற்றமும் இல்லை. பன்னிரண்டு முடிந்ததும் வழக்கம்போல "அவ்வளவுதான்" என்றார்.

நான் என்னென்னவோ பேச நினைத்து வைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்ல வேண்டும். கோபம் வந்தால் ஆயிரம் வார்த்தை வருகிற வாய்க்கு அன்றைக்குப் பார்த்து ஒன்றும் வரவில்லை. "சரிக்கா" என்றேன். அக்கா என் கையை விட்டுவிட்டுத் துணி அறைக்குள் போனார்.

மூன்று மணி வாக்கில் வார்டு போன் அடித்தது. பெரிய சிஸ்டர் எடுத்து, "உனக்குத்தான்" என்று நீட்டினார். மாமா.

"கடுகு, அவ கிளம்பிட்டாளாம்மா?"

"ரெண்டு மணிக்கே கிளம்பிட்டாங்க மாமா. இன்னும் வரலையா?"

"பஸ் லேட்டா இருக்கும். அது இல்ல..." மூச்சு மட்டும் கேட்டது. "எப்படி இருந்தா? அழுதாளா? என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டா, உனக்குத் தெரியுமே. வந்த உடனே சிரிச்சுக்கிட்டு, காபி போடட்டுமான்னு கேப்பா."

நல்லாத்தான் இருந்தாங்க மாமா என்று சொல்ல வாயெடுத்தேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"அழுதாங்களான்னு எனக்குத் தெரியாது மாமா" என்றேன். "நான் பார்த்ததைச் சொல்றேன். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்ல, அப்படியே பைக்குள்ள வெச்சாங்க. அவங்க டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சாங்க. அப்புறம் எடுத்து மறுபடி கழுவினாங்க. லிஃப்ட் கதவு திறந்துதான் இருந்துச்சு. ஏறல. மூணு மாடியும் படியிலயே இறங்கினாங்க, ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு, நான் மேல கைப்பிடியில சாஞ்சு பார்த்தேன். கால் வீங்கியிருந்துச்சு. கேட்டைத் தாண்டினதை நான் பார்க்கல, நாலுல இருந்து கூப்பிட்டாங்க."

போனில் கட்டில் கிறீச்சிடுகிற சத்தம் கேட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் மூச்சு இழுப்பதும் கேட்டது.

"மாமா? என்ன பண்றீங்க? எழுந்திருக்காதீங்க, முதுகு..."

"சாப்பிடலன்னு சொன்னியே. ஒரு கை சாதம் வெச்சுடறேன்" என்றார். "கால் வீங்கியிருக்குல்ல, வெந்நீர் போட்டு வைக்கணும். அடுத்த பஸ்ல அவ வர்றதுக்கு அரை மணி நேரம் இருக்கு. நான் எழுந்து நின்னு உலை வைக்கறதுக்கு அது சரியா இருக்கும்."